டேபிள் சோவில் சாய்வு வெட்டு பிழைத்தால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

டேபிள் சோவில் (மேசைக்கு நடுவே வட்டப் பிளேட் சுழலும் அறுக்கும் மெசின்) பெட்டி மூலை, எண்கோணத் தூண், கதவுப் பலகையின் சரிவு விளிம்பு என்று பிளேட்டைச் சாய்த்து வெட்டும் வேலைகளில் திரும்பத் திரும்ப வரும் பழுதுகள் பத்துக்குள் அடங்கிவிடும். இங்கே அவை அறிகுறி வாரியாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் செலவில்லாத காரணம் முதலில், பணம் போகும் காரணம் கடைசியில். மேலிருந்து வரிசையாகப் பாருங்கள். பாதியில் தாண்டி பெயாரிங் மாற்றப் போனவர்களில் பலருக்குப் பழுது கடைசியில் மரத்தூளாகத்தான் இருந்திருக்கிறது.

சோதனை எதற்கும் முன் பிளக்கைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. கையால் பிளேட்டைச் சுழற்றும் வேலை இதில் நிறைய வரும்.

தேவையானவை: பிழையில்லாத மூலைமட்டம், இரும்பு அடிமட்டம், ஒரு பென்சில், தட்டையான எம்.டி.எஃப். துண்டு (மரநாரை அழுத்திச் செய்த பலகை, 4 அங்குல அகலம், ஒன்றரை அடி நீளம்). பீலர் கேஜ் (சந்தின் அகலம் அளக்கும் மெல்லிய தகடுகள்) இல்லையென்றால் போட்டோகொப்பித் தாள் போதும், ஒரு தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் கனம். மூலைமட்டம் சரியா என்று பார்க்க, பலகையின் நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு கீறி, மட்டத்தைத் திருப்பிப்போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கீறுங்கள். இரண்டு கோடும் விலகினால், மட்டத்தின் பிழை அந்த விலகலில் பாதி. அந்த மட்டத்தைக் கொண்டு மெசினைத் திருத்தப் போக வேண்டாம்.

## மரம் பின்னால் எகிறி வருகிறது, அல்லது கழிவுத் துண்டு பாய்கிறது

இது வந்தால் மற்ற அறிகுறிகளை விட்டுவிட்டு இதை முதலில் தீருங்கள்.

ஃபென்ஸ் (பலகையை அணைத்துத் தள்ளும் நேரான தடுப்பு) எந்தப் பக்கம் நிற்கிறது? பிளேட் ஃபென்ஸை விட்டு விலகிச் சாய வேண்டும். இடப்பக்கம் சாயும் மெசினில் ஃபென்ஸ் வலப்பக்கம், வலப்பக்கம் சாயும் மெசினில் ஃபென்ஸ் இடப்பக்கம். மாறி நின்றால் பலகை சாய்ந்த பிளேட்டுக்கும் மேசைக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்ளும். கொஞ்சம் தூக்கினாலும் பற்கள் கவ்வி எறியும். பழைய வலச்சாய்வு மெசினை வாங்கியவர்கள் இடச்சாய்வு மெசினில் பழகிய கையோடு ஃபென்ஸை வலப்பக்கம் வைப்பதுதான் இந்த அடிக்கு வழக்கமான காரணம்.

பிளவுத் தகடு இருக்கிறதா? பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் அந்தத் தகட்டைப் பல பட்டறைகளில் கழற்றி எறிந்திருப்பார்கள். திரும்பப் போடுங்கள். அதன் கனம் பிளேட்டின் உடற்கனத்தை விடக் கூடவும், பற்கள் வெட்டும் அகலத்தை விடக் குறையவும் இருக்க வேண்டும். மெல்லிய பிளேட் ஒன்றை மாட்டிவிட்டு, தடித்த தகட்டை அப்படியே விட்டால் பலகை பாதியில் தகட்டில் முட்டி நிற்கும். நின்ற பலகையைப் பலத்தோடு தள்ளும்போதுதான் கை வழுக்கும்.

கழிவுத் துண்டு பாய்கிறதா? சாய்வு வெட்டில் கழிவு முக்கோணக் குச்சியாக விழும். அது பிளேட்டின் சாய்ந்த அடிப்பக்கத்தில் சும்மா கிடக்கும், பின்பல் தொட்டவுடன் பாயும். பிளேட்டின் நேர்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பிளேட் முற்றாக நின்ற பிறகே எடுங்கள். குறுகிய துண்டுகளுக்குத் தள்ளுகோல் இரண்டு வேண்டும், ஒன்று முன்னே தள்ள, ஒன்று ஃபென்ஸோடு அணைக்க.

இவை எல்லாம் சரியாக இருந்தும் எகிறினால் பிளேட்டும் ஃபென்ஸும் இணையாக இல்லை. "ஒரு முனையில் சரி" என்ற பகுதிக்குப் போங்கள், அதுவரை அந்த மெசினில் சாய்வு வெட்டு வேண்டாம்.

## மூலை ஒட்டினால் இடைவெளி தெரிகிறது

முதலில் இடைவெளி எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

*வெளிப்பக்கம் திறந்து, உட்பக்கம் முட்டுகிறது:* பிளேட் 45 பாகைக்குக் குறைவாகச் சாய்ந்திருக்கிறது.

*உட்பக்கம் திறந்து, வெளிநுனிகள் முட்டுகின்றன:* 45 பாகைக்குக் கூடச் சாய்ந்திருக்கிறது.

பிழை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: முக்கால் அங்குலப் பலகையில் ஒவ்வொரு வெட்டும் அரைப் பாகை பிழைத்தால் மூலையில் இடைவெளி கிட்டத்தட்ட அரை மில்லிமீற்றர். பூச்சு அடித்த பிறகு கறுப்புக் கோடாக நிற்கும்.

அளவுகோல் முள்ளை நம்பி இதைத் திருத்த முடியாது. தகரத்தில் அச்சடித்த கோடுகளுக்கு இடையே அரைப் பாகையை எந்தக் கண்ணும் பிரித்துப் பார்க்காது. வெட்டிய துண்டை அளப்பதுதான் வழி. எம்.டி.எஃப். துண்டை மைட்டர் கேஜில் (மேசையின் நீளப் பள்ளத்தில் ஓடி, பலகையைக் குறுக்கே தள்ளும் தாங்கி) வைத்து நடுவே 45 பாகையில் குறுக்காக வெட்டுங்கள். ஒரு பாதியை மேல்கீழாகப் புரட்டி, வெட்டுமுகம் இரண்டையும் ஒட்டி, உள்மூலையில் மூலைமட்டத்தை வையுங்கள். இரண்டு வெட்டுமுகமும் ஒரே பிழையைச் சுமப்பதால் அது இரட்டிப்பாகத் தெரியும். மட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையாவிட்டால் மெசின் சரி.

நுழைந்தால் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

1. நிறுத்தத்தில் மரத்தூள். 0 பாகையிலும் 45 பாகையிலும் சாய்வு முட்டி நிற்க ஒரு ஸ்குறூ இருக்கும். அதன் தலையில் தூள் அமுங்கிக் கட்டியாகியிருக்கும். பலா, வேம்பு போன்ற பிசின் மரம் அறுத்த பிறகு இது கல்லாக இறுகும். பழைய பல்துலக்கும் தூரிகையும் கூரான மரக்குச்சியும் கொண்டு சுரண்டுங்கள். பிசினுக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணி. வெளிப்பக்கம் திறக்கும் மூலைகளில் பெரும்பங்கு இந்த ஒரு சுத்தப்படுத்தலோடு தீர்ந்துவிடும், ஏனென்றால் தூள் முட்டினால் பிளேட் 45ஐ எட்டாது.

2. பூட்டும்போது நகர்கிறது. சாய்வைப் பூட்டும் கைபிடியை இறுக்கும்போது கோணம் கால் பாகை ஓடும் மெசின்கள் உண்டு. டிஜிட்டல் கோணமானி இருந்தால் மேசையில் வைத்து பூச்சியமாக்கி, பிறகு பிளேட்டின் உடலில் பற்களைத் தொடாமல் ஒட்டி, பூட்டுவதற்கு முன்னும் பின்னும் பாருங்கள். ஓடினால், ஓடும் அளவை முன்கூட்டியே விட்டுப் பூட்ட வேண்டும். கோணமானி தரையை வைத்துப் பூச்சியமானால் பயனில்லை. பட்டறைத் தரை மட்டமாக இருப்பது அரிது.

3. சக்கரத்தின் தளர்வு. கைச்சக்கரத்தைத் திருப்பும் திசை மாறும்போது கொஞ்சம் வெறுமையாகச் சுற்றும். ஆகவே எப்போதும் குறைந்த கோணத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்து நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய்த் திரும்ப வாருங்கள்.

4. நிறுத்த ஸ்குறூ விலகியிருக்கிறது. மேலே உள்ளவை பயனளிக்காவிட்டால் மட்டும் அலன் கீயை எடுங்கள். கால் சுற்று திருப்பி, மறுபடி எம்.டி.எஃப். துண்டு வெட்டிப் பாருங்கள். 45 சரியான பிறகு 0 பாகையையும் பார்க்க மறக்க வேண்டாம். முள்ளைக் கடைசியில்தான் நகர்த்த வேண்டும்.

5. மரமே தட்டையில்லை. எம்.டி.எஃப். துண்டு சரியாக வந்து, தேக்கில் மட்டும் மூலை திறந்தால் மெசினைத் தொடவேண்டாம். கிண்ணம்போல் வளைந்த பலகையின் குழிந்த பக்கம் மேசையில் படும்படி போட்டால் இரண்டு விளிம்பிலும் நிற்கும், ஆடாது. புடைத்த பக்கம் கீழே போனால் ஆடும், ஆடிய அளவு கோணமும் மாறும். சீவுளியாலோ பிளேனராலோ ஒரு முகத்தைத் தட்டையாக்கிவிட்டு வெட்டுங்கள்.

### மூன்று மூலை ஒட்டுகிறது, நாலாவது வாய் பிளக்கிறது

பிழை நாலாவது மூலையில் இல்லை, நாலிலும் பங்காக இருக்கிறது. எட்டு வெட்டு, ஒவ்வொன்றிலும் அரைப் பாகை என்றால் கடைசி மூலைக்கு 4 பாகை வந்து சேரும். எண்கோணத்தில் 16 வெட்டு, 8 பாகை. மேலே சொன்ன இரட்டிப்புச் சோதனையை இன்னும் கவனமாகச் செய்யுங்கள்.

கோணம் சரியாக இருந்தும் நாலாவது மூலை திறந்தால் எதிர்ப்பக்கங்களின் நீளம் சமமில்லை. இரண்டு எதிர்ப்பலகைகளையும் முதுகோடு முதுகாக வைத்து விரலால் நுனியைத் தடவுங்கள், கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் விரலுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் அடிமட்டத்தால் அளந்து வெட்டாமல், மைட்டர் கேஜில் நிறுத்தக்கட்டை ஒன்றைக் கவ்வி, சோடியை அடுத்தடுத்து வெட்டுங்கள்.

சாய்வுக் கோணம் 180ஐப் பக்க எண்ணிக்கையால் வகுத்தால் வருவது: நாலு பக்கத்துக்கு 45, ஐந்துக்கு 36, ஆறுக்கு 30, எட்டுக்கு 22.5, பன்னிரண்டுக்கு 15.

### ஒட்டியபோது சரி, பிறகு திறந்தது

மாரியில் வெட்டி ஒட்டிய பெட்டி கச்சான் காற்று (தென்மேற்கு வறள்காற்று) வீசும் மாதங்களில் உட்பக்கம் திறந்தால் அது மெசினின் குற்றமில்லை. ஈரமாக வெட்டிய பலகை காயும்போது கனத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்காது, ஆகவே நுனிக்கோணம் 45க்குக் குறைந்து வெளிநுனிகள் மட்டும் முட்டி நிற்கும். கோடையில் வெட்டியது மாரியில் வெளிப்பக்கம் திறக்கும். மரக்காலையிலிருந்து வந்த பலகையை அன்றே வெட்டாமல், நடுவே குச்சி வைத்து அடுக்கி, பட்டறையில் காற்றுப்பட விடுங்கள். வாவிக்கரையை ஒட்டிய பட்டறைகளில் நவம்பர் முதல் சனவரி வரை இது இன்னும் முக்கியம். வெட்டியதை அன்றே ஒட்டுங்கள். சாய்வு வெட்டி ஒரு கிழமை அடுக்கி வைத்த பலகை அதே கோணத்தில் இருக்காது.

## ஒரு முனையில் சரி, மறுமுனையில் திறக்கிறது

நீள வெட்டில் வரும் பழுது இது. தொடக்கத்தில் 45, முடிவில் 44 அல்லது 46.

பலகை கடைசியில் தூக்குகிறதா? நீளப் பலகையின் முன்பாதி மேசையை விட்டு வெளியே போனதும் பாரத்தால் கவிழும், பின்முனை எழும்பும். மேசைக்குச் சமமான உயரத்தில் ஒரு தாங்கி வையுங்கள். ஒரு நூல் தாழ்வாக இருக்கலாம், உயரக்கூடாது.

பலகை முறுக்கா? மேசையில் வைத்து எதிர்மூலைகளை அழுத்துங்கள். ஆடினால் சீவித் தட்டையாக்காமல் சாய்வு வெட்டக்கூடாது. நேர்வெட்டில் முறுக்கு மறையும், சாய்வில் கோணமாகவே வெளியே வரும்.

அணைப்பு. பிளேட்டுக்கு முன்னால் ஃபெதர் போட் (பலகையை ஃபென்ஸோடு அணைக்கும் சீப்புப் போன்ற பலகை) ஒன்றைக் கவ்வுங்கள். பிளேட்டுக்கு நேரே பக்கவாட்டில் அழுத்தினால் வெட்டுவாய் மூடிப் பிளேட்டை நெரிக்கும், ஆகவே முன்னால் மட்டும்.

இனி மெசின். பிளேட்டை 0 பாகையில் முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பல்லில் பென்சிலால் அடையாளம் வையுங்கள். அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து மைட்டர் தவாளிப்பிலிருந்து (மைட்டர் கேஜ் ஓடும் பள்ளம்) அதன் தூரத்தைப் பாருங்கள். அதே பல்லைப் பின்னால் சுழற்றி மறுபடி பாருங்கள். வித்தியாசம் ஒரு தாள் கனத்துக்குள் இருந்தால் நல்லது. அதே சோதனையை 45 பாகையில், பல்லை மேசை மட்டத்துக்கு அருகே வைத்துச் செய்யுங்கள்.

*0விலும் பிழை, 45லும் பிழை:* பிளேட் தவாளிப்புக்கு இணையாக இல்லை. சிறிய மெசினில் மேசையடியில் பிளேட் தொகுதியைப் பிடிக்கும் நாலு போல்ட்டில் மூன்றைத் தளர்த்தி, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி நகர்த்துங்கள். பெரிய இரும்புப் பெட்டி மெசினில் தொகுதி அசையாது. மேசையைப் பெட்டியோடு பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி மேசையைத் தட்ட வேண்டும்.

*0வில் சரி, 45ல் மட்டும் பிழை:* பலர் பிளேட் வளைந்துவிட்டதென்று நினைத்துப் புதிது வாங்குவது இங்கேதான். பிளேட்டில் குற்றமில்லை. சாயும் அச்சு மேசைக்கு இணையாக இல்லை, ஒரு முனை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. நேராக நிற்கும்போது இது தெரியாது, சாய்ந்தவுடன் பிளேட் திரும்பிவிடும். தொகுதியை (பெரிய மெசினில் மேசையை) பிடிக்கும் முன்போல்ட் இரண்டின் கீழும் மெல்லிய தகடு செருகுங்கள். சோடா டின்னின் உடல் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், கத்தரிக்கோலால் வெட்டலாம். ஒன்று வைத்து இறுக்கி 45ல் அளந்து பாருங்கள். பிழை குறைந்தால் இன்னொன்று. கூடினால் முன்னால் இருந்ததை எடுத்துப் பின்போல்ட்டுகளின் கீழ் வையுங்கள். முடிந்ததும் 0வில் மறுபடி இணை பாருங்கள்.

இந்தத் தகட்டு வேலைக்கு நிதானமும் இரண்டு மணி நேரமும் வேண்டும், காசு வேண்டாம். நாலைந்து தகடு வைத்தும் தீரவில்லை என்றால் தாங்கி வார்ப்பு வெடித்திருக்கலாம் அல்லது மேசை வளைந்திருக்கலாம். லைட் அடித்து வார்ப்பில் மயிர்க்கோடு தேடுங்கள். வெடிப்பைக் கண்டால் மெசினை நிறுத்துங்கள். வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங் பட்டறையில் ஒட்ட வைப்பது நிற்காது. லேத் மெசின் உள்ள பொறியியல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், அல்லது அந்தப் பாகத்தையே மாற்றுங்கள்.

## நேர்வெட்டு சுத்தம், சாய்வு வெட்டு எரிகிறது

45 பாகையில் பிளேட் கடக்கும் மரக்கனம் 1.41 மடங்கு. முக்கால் அங்குலம் ஓரங்குலத்துக்கு மேல் ஆகிறது, 2 அங்குலம் கிட்டத்தட்ட 2.8. நேர்வெட்டில் தாக்குப்பிடித்த மங்கிய பிளேட் இங்கே காட்டிக்கொடுக்கும்.

பிசினைக் கழுவுவதிலிருந்து தொடங்குங்கள். பிளேட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, துடைத்து, முழுதும் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கோஸ்டிக் சோடா வேண்டாம். அடுத்தது தள்ளும் வேகம். பயந்து நிறுத்தி நிறுத்தித் தள்ளினால் நின்ற இடமெல்லாம் கறுக்கும், மெதுவானாலும் நிற்காமல் தள்ளுங்கள். பிறகு பற்களின் எண்ணிக்கை: 10 அங்குல பிளேட்டில் நீளவெட்டுக்கு 24, பொதுவேலைக்கு 40, குறுக்குவெட்டுக்கும் பிளைவூட்டுக்கும் 60 முதல் 80. 80 பல்லைப் போட்டுத் தடித்த தேக்கை நீளமாக அறுத்தால் எரியத்தான் செய்யும்.

தேக்கில் இயற்கையாகவே மணற்சத்து உண்டு, பற்கள் கெதியில் மழுங்கும். முதிரையின் கடினம் அதற்கு மேல். விரல் நகத்தைப் பல்லின் முனையில் மெல்ல இழுத்துப் பாருங்கள், கூரான பல் நகத்தைச் சீவும், மழுங்கியது வழுக்கும். கார்பைட் பற்களை அரத்தால் தீட்ட முடியாது. வைரச்சக்கரம் உள்ள இடத்தில்தான் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று பல் உதிர்ந்திருந்தால் தீட்டும் கூலியைச் சேமித்துப் புதிய பிளேட் வாங்குங்கள். முதிரைத் தூள் பலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் தரும், முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கழுவியும் தீட்டியும் எரிந்தால், எரிவு ஒரு பக்கம் மட்டும் என்றால், மேலே உள்ள 45 பாகை இணைச் சோதனைக்குத் திரும்புங்கள். ஃபென்ஸின் பின்முனை பிளேட்டை நோக்கி நெருங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இணையாக இருக்க வேண்டும், விலகுவதானால் ஒரு தாள் கனம், அதுவும் பின்பக்கம் மட்டும்.

## அகலம் கணக்குக்கு வரவில்லை

*எல்லாத் துண்டும் ஒரே அளவு பிழை:* ஃபென்ஸ் அளவுகோல் 0 பாகைக்கு மட்டும் உண்மை சொல்லும். பிளேட் சாய்ந்தால் மேசை மட்டத்தில் வெட்டும் இடம் நகர்ந்துவிடும். மேல்முகத்துக்கும் கீழ்முகத்துக்கும் வித்தியாசம் 45 பாகையில் பலகையின் கனத்துக்குச் சமம், 30 பாகையில் கனத்தின் 0.577 மடங்கு, 22.5 பாகையில் 0.414 மடங்கு. எந்த முகத்தில் அளவு வேண்டும் என்று முடிவெடுத்து, கழிவுத் துண்டு ஒன்றை வெட்டி அளந்து ஃபென்ஸை வையுங்கள்.

*ஒவ்வொன்றும் வேறு வேறு:* இரண்டாவது விளிம்பு வெட்டும்போது, முதல் வெட்டின் கூரான நுனி ஃபென்ஸின் அடியில் உள்ள சந்துக்குள் நுழைகிறது. நேரான மரப்பலகை ஒன்றை ஃபென்ஸில் ஸ்குறூ போட்டு, அடிவிளிம்பு மேசையைத் தொடும்படி இறக்குங்கள். சந்துக்குள் தாள் நுழையக்கூடாது. முடிந்தால் கூர்நுனி ஃபென்ஸின் மேல்பக்கம் படும்படி பலகையைப் புரட்டிப் போடுங்கள், அப்போது இந்தச் சிக்கலே வராது.

## வெட்டுமுகத்தில் அலை, படி, வளையக் கோடு

பிளேட்டைக் கழற்றி, அது உட்காரும் வளையத் தகடு இரண்டையும் துடையுங்கள். ஒரு மணல் அளவு தூள் அகப்பட்டாலும் பத்து அங்குல பிளேட்டின் விளிம்பு கண்ணுக்குத் தெரிய ஆடும்.

துளை பொருந்துகிறதா பாருங்கள். 10 அங்குல பிளேட்டுகள் 30 மில்லிமீற்றர் துளையிலும் 25.4 மில்லிமீற்றர் துளையிலும் கடையில் கலந்து கிடக்கும். 30 துளையை 25.4 தண்டில் மாட்ட வளையம் தேவை. அந்த வளையம் பிளேட்டின் கனத்தை விடத் தடித்தால் இறுக்கும் தகடு வளையத்தைத்தான் பிடிக்கும், பிளேட்டை அல்ல. வளையமே இல்லாமல் மாட்டிய பிளேட்டைச் சுற்ற விடவே கூடாது.

மெல்லிய வெட்டு பிளேட் தடித்த மரத்தில் 45 பாகையில் வளையும். 3 மில்லிமீற்றர் அகலம் வெட்டும் பிளேட்டுக்கு மாறிப் பாருங்கள்.

அதன் பிறகும் அலை இருந்தால் தண்டைப் பாருங்கள். பிளேட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகட என்றால் பெயாரிங் போய்விட்டது. கையால் சுழற்றும்போது கரகரப்பும் அதே செய்தி. பெயாரிங்கின் விலை பெரிதல்ல, ஆனால் தண்டிலிருந்து இழுத்தெடுக்கப் புல்லர் வேண்டும், சுத்தியலால் தட்டி ஏற்றினால் புதியதும் அன்றே கெடும். லேத் பட்டறைக்குக் கொடுத்து, தண்டு நேரா என்றும் டயல் கேஜில் பார்க்கச் சொல்லுங்கள்.

## கூர்விளிம்பு பெயர்கிறது

பற்கள் மேலிருந்து கீழே இறங்குவதால் கீழ்முகம் பெயரும். பிளேட் ஃபென்ஸை விட்டு விலகிச் சாயும்போது கூர்நுனி மேல்முகத்தில் வரும், ஆகவே வெளியே தெரியும் முகத்தை மேலே வைத்து வெட்டுங்கள். பிளைவூட்டின் கீழ்முகத்தில் மறைப்பு டேப் ஒட்டலாம்.

நிலையான தீர்வு, பிளேட்டின் அகலத்துக்கே திறந்த வாய்த்தகடு (மேசையில் பிளேட் வெளிவரும் இடத்தை மூடும் தகடு). பழைய வாய்த்தகட்டை மாதிரியாக வைத்து அதே கனத்தில் பிளைவூட்டில் ஒன்று வெட்டுங்கள். பிளேட்டை முழுதும் இறக்கி, வேண்டிய கோணத்துக்குச் சாய்த்து, தகட்டைப் பொருத்தி, சாயாத பக்கத்து ஓரத்தில் ஃபென்ஸை ஏற்றி அழுத்தி, பிளேட் ஃபென்ஸில் படாதென்று நிச்சயித்த பின் மெசினை ஓட்டி மெல்ல உயர்த்துங்கள். கோணத்துக்கு ஒரு தகடு வேண்டும். 0 பாகைக்கு வெட்டியதை 45க்குப் பாவித்தால் வாய் அகன்று பயனற்றுவிடும்.

## மோட்டார் திணறுகிறது, ட்ரிப் விழுகிறது

1800 வோட்ஸ் மோட்டார் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 7.8 அம்பியர் இழுக்கும், தொடங்கும் கணத்தில் பல மடங்கு. 5 அம்பியர் வட்டப்பின் பிளக்கில் மாட்டக்கூடாது. நீட்டிப்பு வயர் 1.5 சதுர மில்லிமீற்றர் என்றால் 15 மீற்றருக்குள், அதற்கு மேல் 2.5. சுருட்டிய வயரை முழுதும் விரித்துவிடுங்கள், சுருளுக்குள் சூடேறி உருகும். மாலையில் மட்டும் திணறினால் பழுது மெசினில் இல்லை, லைனில் வோல்ற்றேஜ் குறைகிறது. பாரமான சாய்வு வெட்டுகளைக் காலையில் வையுங்கள்.

வயர் சரி என்றால் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள். கால் அங்குலத்துக்குக் குறைந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பெல்ட் மெசினில் பெல்ட் வழுக்குகிறதா பாருங்கள். சில மெசின்களில் சாய்க்கும்போது பெல்ட்டின் இழுவை மாறும், 45ல் மட்டும் வழுக்கும்.

எரிந்த வார்னிஷ் மணம் வந்தாலோ, மெசினின் உடலைத் தொடும்போது சுரீர் என்றாலோ அந்த நொடியே பிளக்கைக் கழற்றுங்கள். முதலாவது மோட்டார் கட்டும் கடைக்கு, இரண்டாவது மின்னியலாளருக்கு. இரண்டிலும் சொந்தக் கை வைக்க வேண்டாம்.

## சக்கரம் இறுகுகிறது, 45 வரை போகவில்லை

கடலும் வாவியும் சூழ்ந்த மட்டக்களப்பிலும், கல்முனை, அக்கரைப்பற்றுக் கரையோரத்திலும் உப்புக்காற்று சாய்வுப் பற்சக்கரத்தை அரிக்கும். கிறீஸ் பூசுவது பலரின் முதல் யோசனை, ஆனால் அது தூளைச் சேர்த்துப் பசையாக்கும், அடுத்த மாதம் இன்னும் இறுகும். துருவை வயர் தூரிகையால் எடுத்து, மண்ணெண்ணெயால் துடைத்து, உலர்ந்த பிறகு மெழுகுதிரியை நன்றாகத் தேயுங்கள். மேசைத்தளத்துக்கும் மெழுகுதான். மாரிக்காலத்தில் வேலை முடிந்ததும் ஒரு தடவை துடைத்து மூடிவிடுங்கள்.

பலத்தோடு திருப்பாதீர்கள். சாய்க்கும்போது பிளேட் வாய்த்தகட்டிலோ உள்ளுறையிலோ முட்டினால் அதே இறுக்கம் வரும். பிளேட்டைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் சாய்த்துப் பாருங்கள். சக்கரத்தின் பல் உடைந்திருந்தால் பாகம்தான், வேறு வழியில்லை.

## பிளேட் சாயவே சாயாத மெசின்

வெல்டிங் பட்டறையில் சட்டம் அடித்துச் செய்த மெசின்களில் பிளேட் நிமிர்ந்தே நிற்கும். மேசையைச் சாய்க்கும் வகை என்றால் மேலே சொன்ன சோதனைகள் அப்படியே பொருந்தும், கோணமானியின் பூச்சியத்தை மட்டும் பிளேட்டில் வைத்து எடுங்கள். மேசை தாழ்ந்த பக்கம் ஃபென்ஸ் இருக்க வேண்டும், இல்லையென்றால் பலகை பிளேட்டை நோக்கி வழுக்கும்.

மேசையும் அசையாது என்றால் சாய்வுப் படுக்கை ஒன்று செய்யுங்கள். 100 மில்லிமீற்றர் அடிக்கு 45 பாகைக்கு 100 உயரம், 30க்கு 57.7, 22.5க்கு 41.4. இந்த அளவில் மூன்று ஆப்புக்கட்டை வெட்டி, மேலே 18 மில்லிமீற்றர் பிளைவூட் அடித்து, தாழ்ந்த விளிம்பில் பலகை முட்டி நிற்க ஒரு சட்டம் வையுங்கள். படுக்கையை மேசையோடு இரண்டு இடத்தில் கவ்வுங்கள், ஒரு கவ்வி போதாது, அதிர்வில் திரும்பிவிடும். பலகை நீளம் 3 அடிக்கு மேல் போனால் படுக்கையும் முன்னும் பின்னும் ஒவ்வோர் அடி கூட நீண்டிருக்க வேண்டும். ஆப்புக்கட்டைகளைத் தனித்தனியாக வெட்டாமல் மூன்றையும் சேர்த்துக் கவ்வி ஒன்றாகச் சீவுங்கள், இல்லையென்றால் படுக்கையே முறுகும்.